டண்ட்ரா என்றொரு பதிப்பகம் இருந்தது

காமிக்ஸ் பதிப்பில் எப்படியெல்லாம் பணம் போகும் என்று பேச்சு வந்தால், விவரம் தெரிந்தவர்கள் வாயில் முதலில் வரும் பெயர் டண்ட்ரா. 1990இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், நார்தாம்ப்டன் என்ற சிறிய நகரத்தில் தொடங்கி, 1993இல் முடிந்துபோன பதிப்பகம். அதை நடத்திய கெவின் ஈஸ்ட்மன் இழந்தது சுமார் 1 கோடியே 40 லட்சம் டாலர். அவரே பின்னாளில் சொன்ன கணக்கு இது. "திடீர்ப் பணக்காரர் ஒருவர் நண்பர்களுக்கு வாரி இறைத்தார், கவிழ்ந்தார்" என்று இரண்டு வரியில் இந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள்.

அந்த இரண்டு வரியில் எனக்குத் திருப்தியில்லை. நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கும் காமிக்ஸ் புத்தகங்களில் பலவும் அந்த மூன்றாண்டுக்குள் டண்ட்ராவின் கைவழியே வந்தவை. அவற்றில் பெரும்பாலானவை இன்றும் அச்சில் இருக்கின்றன. பதிப்பகம் செத்து, அது வெளியிட்ட புத்தகங்கள் பிழைத்துக்கொண்டது எப்படி? அதைக் கேட்காமல் டண்ட்ராவை வெறும் தோல்விக் கதையாகச் சொல்வது நியாயமில்லை.

முதலில் பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடலாம். நிஞ்ஜா ஆமைகளிலிருந்து. ஈஸ்ட்மனும் பீட்டர் லேர்டும் வேடிக்கையாக வரைந்த ஒரு படத்திலிருந்து பிறந்தவை அந்த நான்கு ஆமைகள். வருமான வரியில் திரும்ப வந்த தொகை, ஈஸ்ட்மனின் மாமா கொடுத்த கடன் இரண்டையும் வைத்து 1984 மே மாதம் முதல் இதழைத் தாங்களே அச்சிட்டார்கள். கறுப்பு வெள்ளையில் சுமார் 3,000 பிரதிகள். அடுத்த ஆறு ஆண்டுகளில் பொம்மைகள், தொலைக்காட்சித் தொடர், 1990இல் திரைப்படம் என்று அது எங்கோ போய்விட்டது. படம் அமெரிக்காவில் மட்டுமே 13 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. உரிமை முழுக்க அந்த இருவரிடமே இருந்ததால் பணமும் அவர்களிடமே வந்தது. டண்ட்ராவைத் தொடங்கியபோது ஈஸ்ட்மனுக்கு முப்பது வயது நிரம்பவில்லை.

இந்த 'உரிமை இருவரிடமே இருந்தது' என்ற விஷயத்தைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. அமெரிக்க காமிக்ஸ் வரலாற்றில் அது மிகவும் அபூர்வம். 1938இல் சூப்பர்மேனைப் படைத்த இரண்டு இளைஞர்கள் அதன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். மார்வெலின் பெரும்பகுதிக் கதாபாத்திரங்களை உருவாக்குவதில் பங்கெடுத்த ஜாக் கிர்பி, தன் கையால் வரைந்த மூலப் பக்கங்களைத் திரும்பப் பெறவே 1980களில் போராட வேண்டியிருந்தது. அத்தனை ஆயிரம் பக்கங்களில் ஒரு சிறு பகுதிதான் கடைசியில் அவர் கைக்கு வந்தது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொள், படைப்பு கம்பெனிக்குச் சொந்தம். இதுதான் தொழிலின் நடைமுறை. ஆமைகளின் வெற்றி அந்த நடைமுறைக்குக் கண்ணெதிரே நின்ற மறுப்பு.

1988 நவம்பரில் அதே நார்தாம்ப்டனில் சில காமிக்ஸ் படைப்பாளிகள் கூடினார்கள். ஈஸ்ட்மன், லேர்ட், டேவ் சிம், ஸ்டீவ் பிஸ்ஸெட், ரிக் வீச், லாரி மார்டர், ஸ்காட் மெக்லவுட் ஆகியோர் அதில் இருந்தார்கள். அங்கே உருவானது படைப்பாளிகளின் உரிமைச் சாசனம். பெரும்பகுதியை எழுதியவர் மெக்லவுட். மொத்தம் பன்னிரண்டு உரிமைகள்: நாங்கள் முழுதாகப் படைத்தது எங்களுக்கே சொந்தம், அது எப்படி வெளிவர வேண்டும் என்பதை நாங்களே முடிவு செய்வோம், வருமானத்தில் நியாயமான பங்கு உரிய நேரத்தில் வர வேண்டும், மூலப் பக்கங்கள் எங்களுக்குத் திரும்ப வர வேண்டும், கணக்கைப் பார்க்க எங்களுக்கு உரிமை உண்டு. இப்படிப் போகிறது அது. சட்ட வலிமை எதுவும் இல்லாத காகிதம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவரிடம் அந்தக் காகிதத்தை நடைமுறைக்குக் கொண்டுவருமளவுக்குப் பணம் இருந்தது. டண்ட்ராவின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். லாபத்துக்காகத் தொடங்கிய கம்பெனி அல்ல அது. ஒரு கொள்கையைத் தன் சொந்தக் காசில் நிறைவேற்றிப் பார்த்தார் ஈஸ்ட்மன்.

லேர்ட் இதில் கூட்டாளி அல்ல. டண்ட்ரா ஈஸ்ட்மனின் தனிப்பட்ட கனவு.

அந்தக் கனவின் விதிகள் எளிமையானவை. படைப்பின் உரிமை படைப்பாளிக்கே. கை நிறைய முன்பணம். பக்க எண்ணிக்கை, வடிவம், பேசுபொருள் எதிலும் தலையீடு கிடையாது. நல்ல தாள், நல்ல அச்சு. தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு வரைந்து பழகிய ஒரு தொழிலில் இது எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாயகன் குத்துவிடும் கதைகளை வரைந்து வரைந்து சலித்த ஓவியரிடம் ஒருவர் வந்து, "உங்கள் மனதில் பல வருஷமாக இருக்கிற அந்தப் புத்தகத்தைச் செய்யுங்கள், செலவு என்னுடையது" என்கிறார்.

வந்தார்கள். டேவ் மெக்கீன் 'கேஜஸ்' தொடரைக் கொண்டுவந்தார். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாழும் ஓவியர், எழுத்தாளர், இசைக்கலைஞர் ஆகியோரின் கதை. முடிந்தபோது ஏறக்குறைய 500 பக்கம். ஓவியத்தின் மௌனத்தை நம்பி, பேச்சே இல்லாமல் பக்கம் பக்கமாக நகரும் இடங்கள் அதில் உண்டு. மாதாமாதம் சண்டைக் காட்சி கேட்கும் பெரிய கம்பெனி எதுவும் அதைத் தொட்டிருக்காது. மைக் ஆல்ரெட் 'மேட்மேன்' கொண்டுவந்தார். ஸ்டீவ் பிஸ்ஸெட் நடத்திய 'டாபூ' என்ற திகில் தொகுப்புக்கும் ஒரு கட்டத்தில் டண்ட்ரா தோள் கொடுத்தது. ஆலன் மூரும் எடி கேம்ப்பெல்லும் செய்த 'ஃப்ரம் ஹெல்' 1989இல் தொடங்கியது அந்தத் தொகுப்பில்தான். பிரிட்டனிலும் டண்ட்ரா ஒரு கிளை திறந்தது. மருந்தின் பக்கவிளைவால் கை குறைபட்டுப் பிறந்த ஓர் இளைஞனைப் பற்றிய 'ஸ்கின்' என்ற கதை, வேறொரு பதிப்பகம் வெளியிடத் துணியாமல் கிடந்தது. அதை 1992இல் வெளியிட்டதும் டண்ட்ராவே. கோபம் நிறைந்த, கூசவைக்கும், மறக்க முடியாத புத்தகம்.

இனி 'பிக் நம்பர்ஸ்' கதைக்கு வர வேண்டும். டண்ட்ராவின் தோல்வி முழுவதும் அந்த ஒரு தலைப்புக்குள் இருக்கிறது.

ஆலன் மூர் எழுத, பில் சென்கேவிச் வரைய, பன்னிரண்டு இதழ்களாகத் திட்டமிட்ட தொடர் அது. ஓர் ஆங்கிலேய நகரத்தில் அமெரிக்கப் பாணிப் பெரும் வணிக வளாகம் ஒன்று வருகிறது. அதைச் சுற்றி டஜன் கணக்கான சாதாரண மனிதர்களின் வாழ்க்கை பின்னிப் போகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒழுங்கின்மையின் கணிதம், அதாவது கேயாஸ் கோட்பாடு. சூப்பர் ஹீரோ இல்லை, கொலை இல்லை, சாகசம் இல்லை. 1990இல் மூரின் சொந்தப் பதிப்பகம் முதல் இரண்டு இதழ்களை வெளியிட்டது. சதுர வடிவத்தில், அதுவரை காமிக்ஸில் காணாத ஒரு புகைப்படத் துல்லியத்தோடு வந்தது. சென்கேவிச் நிஜ மனிதர்களை மாதிரியாக நிறுத்தி வரைந்துகொண்டிருந்தார். நாற்பது ஐம்பது பாத்திரங்கள் இதழுக்கு இதழ் அதே முகத்தோடு, அதே நடையோடு வர வேண்டும். மூன்றாவது இதழுக்குள் அவர் களைத்துப்போனார். விலகினார்.

திட்டம் டண்ட்ராவின் பொறுப்புக்கு வந்தது. சென்கேவிச்சின் உதவியாளராக இருந்த அல் கொலம்பியா என்ற மிக இளம் ஓவியரிடம் தூரிகை போனது. அவர் நான்காவது இதழுக்காக வரைந்த பக்கங்களைத் தாமே அழித்துவிட்டு விலகிப்போனார். மூன்றாம் இதழும் வரவில்லை, நான்காம் இதழும் வரவில்லை. பல ஆண்டு கழித்து, 2009இல், மூன்றாம் இதழின் நகல் பக்கங்கள் எங்கிருந்தோ வெளிப்பட்டு வாசகர்களுக்குக் கிடைத்தன. படித்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு பெரிய ஒன்று பாதியில் நின்றுபோனது என்று.

யார் மேல் குற்றம்? என்னால் யாரையும் கை நீட்ட முடியவில்லை. சென்கேவிச் ஒவ்வொரு பக்கத்திலும் தன்னால் முடிந்த எல்லாவற்றையும் போட்டார். கொலம்பியா சுமந்த பாரம் அந்த வயதில் யாரையும் நசுக்கியிருக்கும். ஈஸ்ட்மன் பணத்தைத் தடுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் தேவைப்பட்டது பணம் அல்ல, ஒரு பதிப்பாசிரியர். முதல் இதழ் முடிந்தபோதே, "இந்தப் பாணியில் பன்னிரண்டு இதழ் சாத்தியமில்லை, வரையும் முறையை எளிதாக்குவோம், ஐந்து இதழ் கைக்கு வந்த பிறகுதான் விளம்பரம்" என்று சொல்லக்கூடிய ஆள்.

'பதிப்பாசிரியர்' என்றாலே படைப்பாளிகளுக்குக் கசந்த காலம் அது, நியாயமாகவே. கம்பெனி ஆசிரியர்கள் கதையை வெட்டினார்கள், மாற்றினார்கள், முடிவைத் திருப்பினார்கள். அந்த அனுபவத்தால் டண்ட்ரா ஆசிரியரின் கத்தரிக்கோலைப் பிடுங்கி எறிந்தது. சரிதான். ஆனால் அதோடு சேர்த்து ஆசிரியரின் நாட்காட்டியையும் எறிந்துவிட்டது. இரண்டும் வேறு வேறு. உள்ளடக்கத்தில் கை வைக்காமலே, "இந்த மாதம் எத்தனை பக்கம் முடிந்தது, எங்கே சிக்கல், யாரை உதவிக்கு அனுப்பட்டும்?" என்று கேட்க முடியும். கேட்கத்தான் வேண்டும். தனிமையில் உட்கார்ந்து பல ஆண்டு ஒரே கதையை வரையும் மனிதருக்கு அந்தக் கேள்வி தொந்தரவல்ல, துணை.

வேலையின் அளவைச் சொன்னால்தான் இது விளங்கும். அமெரிக்காவில் மாதம் ஒன்றுக்கு இருபத்திரண்டு பக்கம் வரும் வழக்கமான காமிக்ஸை ஒரு கூட்டமே செய்கிறது. பென்சிலில் வரைபவர் ஒருவர், மை தீட்டுபவர் ஒருவர், எழுத்துகளை எழுதுபவர் ஒருவர், வண்ணம் சேர்ப்பவர் ஒருவர். அப்படியும் தாமதம் வரும். டண்ட்ராவின் லட்சிய நூல்களில் பலவற்றை ஒரே ஆள் செய்தார். அதுவும் முழு ஓவியமாக. முன்பணம் முழுவதும் முதலிலேயே கைக்கு வந்துவிட்டால், கடைசிப் பக்கத்தை முடிக்க அவரைத் தள்ளும் சக்தி அவருடைய மனசாட்சி மட்டும்தான். சிலருக்கு அதுவே போதும். மெக்கீனுக்குப் போதுமானதாக இருந்தது. எல்லோரிடமும் அதை எதிர்பார்த்து ஒரு பதிப்பகத்தை நடத்த முடியாது.

விற்கும் முறையும் தாமதத்தை மன்னிக்காத ஒன்று. 1970களில் ஃபில் சூலிங் என்ற வியாபாரி கொண்டுவந்த ஏற்பாடு அது: காமிக்ஸ் கடைக்காரர் இரண்டு மூன்று மாதம் முன்பே ஆர்டர் கொடுப்பார். விலையில் அதிகத் தள்ளுபடி கிடைக்கும். விற்காத பிரதியைத் திருப்ப முடியாது. சின்னப் பதிப்பகங்கள் பிழைக்க வழி செய்ததே இந்த ஏற்பாடுதான். எத்தனை பிரதி போகும் என்று தெரிந்துகொண்டு அச்சடிக்கலாமே. ஆனால் சொன்ன மாதத்தில் புத்தகம் வராவிட்டால் கடைக்காரர் ஒதுக்கி வைத்த காசு வேறெதற்கோ போய்விடும். அடுத்த இதழுக்கு அவர் ஆர்டரைக் குறைப்பார். அதற்கடுத்த இதழுக்கு இன்னும் குறைப்பார்.

விலையில் பதிப்பாளர் கைக்கு வருவது சுமார் 40 சதவீதம். 4 டாலர் இதழ் 10,000 பிரதி போனால் 16,000 டாலர் வரும். அதிலிருந்து உயர்தரத் தாள், வண்ண அச்சு, அலுவலக வாடகை, சம்பளம், விளம்பரம் எல்லாம் போக வேண்டும். படைப்பாளிக்கு ஏற்கெனவே கொடுத்த பெரிய முன்பணத்தை இந்த வரவிலிருந்து மீட்க வேண்டுமானால் பிரதிகள் பல மடங்கு விற்றாக வேண்டும். ஓர் ஓவியரின் மௌனத்தைப் பற்றிய புத்தகம் அத்தனை விற்காது. விற்காது என்பது அந்தப் புத்தகத்தின் குறையும் அல்ல. அதற்கேற்ற செலவுக் கணக்கு போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காலமும் ஒத்துழைக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடைகளில் ஊக வணிகம் தலைவிரித்தாடியது. 1991இல் 'எக்ஸ்-மென்' முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. பலர் வாங்கியது படிக்க அல்ல, பிற்காலத்தில் விலை ஏறும் என்று பத்திரப்படுத்த. கடைக்காரரின் முதலீடு முழுக்க அங்கே போனது. 1992இல் மார்வெலின் நட்சத்திர ஓவியர்கள் வெளியேறி இமேஜ் காமிக்ஸ் தொடங்கினார்கள். படைப்பாளிக்கே உரிமை என்ற அதே கொள்கைதான். ஆனால் வெளியிலிருந்து வரும் புத்தகங்களுக்கு முன்பணம் கிடையாது. பதிப்பகம் ஒரு நிலையான கட்டணம் எடுத்துக்கொள்ளும், லாபமோ நஷ்டமோ படைப்பாளியுடையது. கடினமான ஏற்பாடு. கையில் காசில்லாத புதியவருக்கு அநியாயம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் இமேஜ் இன்றும் இருக்கிறது. 1993இல் ஊகக் குமிழி உடையத் தொடங்கியபோது டண்ட்ராவிடம் தாக்குப்பிடிக்க எதுவும் மிச்சமில்லை.

அந்த ஆண்டே அது டெனிஸ் கிச்சன் நடத்திவந்த கிச்சன் சிங்க் பிரஸ்ஸோடு இணைக்கப்பட்டது. விஸ்கான்சின் மாநிலத்தில் இருபது ஆண்டுக்கும் மேலாக நிதானமாக நடந்துவந்த பதிப்பகம், நார்தாம்ப்டனுக்கு இடம் மாறியது. டண்ட்ரா என்ற பெயர் மறைந்தது.

பலனைக் காணக் கொடுத்துவைக்கவில்லை என்பார்களே, அது இங்கே நிஜமாக நடந்தது. காதலியை விபத்தில் இழந்த துயரத்திலிருந்து ஜேம்ஸ் ஓபார் வரைந்த 'தி க்ரோ', முன்பொரு பதிப்பகத்தில் முடிவுறாமல் நின்றிருந்தது. அது முழுமையாக வெளிவர வழி செய்தது டண்ட்ரா, 1992இல். 1994இல் அது படமாக வந்து, புத்தகம் அமோகமாக விற்றது. வரவு கிச்சன் சிங்குக்குப் போனது. மெக்லவுட்டின் 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' இதைவிடப் பெரிய உதாரணம். காமிக்ஸ் என்ற கலை எப்படி வேலை செய்கிறது, இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் வாசகர் மனம் என்ன செய்கிறது என்பதைக் காமிக்ஸ் வடிவிலேயே விளக்கும் அந்தப் புத்தகம் முதலில் வந்தது 1993இல், டண்ட்ராவின் பெயரோடு. அடுத்த ஆண்டே ஒரு பெரிய பொதுப் பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டது. இன்று உலகம் முழுக்க வகுப்பறைகளில் இருக்கிறது. டண்ட்ரா அந்த ஒரு புத்தகத்தை மட்டும் வெளியிட்டிருந்தாலும் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருப்பேன்.

லேர்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே ஆமைப் பணம், அதே ஊர், அதே கொள்கை. அவர் 1992இல் ஸெரிக் அறக்கட்டளையைத் தொடங்கினார். புத்தகத்தைத் தாங்களே பதிப்பிக்க விரும்பும் காமிக்ஸ்காரர்களுக்கு அச்சுச் செலவுக்கு ஒருமுறை மானியம். தொகை சில ஆயிரம் டாலர். பக்கங்களைக் காட்ட வேண்டும், செலவுத் திட்டத்தைக் காட்ட வேண்டும், மீதியைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். 2012 வரை இருபது ஆண்டு அந்த மானியம் நடந்தது. ஜெசிக்கா ஏபல், ஜீன் லூவென் யாங் போன்றவர்களின் ஆரம்ப காலப் புத்தகங்கள் அந்தப் பணத்தில் அச்சேறியவை. யாங்கின் பிற்கால நூல் ஒன்று 2006இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பிடித்த முதல் கிராஃபிக் நாவல் ஆனது.

இதைக் காட்டி "லேர்ட் புத்திசாலி, ஈஸ்ட்மன் ஏமாளி" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். சில ஆயிரம் டாலரில் 'கேஜஸ்' வராது. 500 பக்கம் வரைய ஒருவருக்குப் பல ஆண்டு சாப்பாடு வேண்டும். புதியவர் முதல் அடி வைக்க லேர்டின் வழி உதவியது. தேர்ந்த கலைஞர் தன் வாழ்நாள் புத்தகத்தைச் செய்ய ஈஸ்ட்மனின் வழிதான் தேவைப்பட்டது. இரண்டாவது வழியில் நாட்காட்டியும் கணக்குப் புத்தகமும் இல்லாமல் போனது, அதன் விலை 1 கோடியே 40 லட்சம் டாலர்.

ஆனால் டண்ட்ரா கொடுத்தவற்றில் காசே செலவாகாத ஒன்று இருந்தது. உரிமை படைப்பாளிக்கே என்ற அந்த ஒப்பந்த விதி. புத்தகங்களைக் காப்பாற்றியது அதுதான். ஒரு கம்பெனி திவாலானால் அதன் சொத்துகள் ஏலம் போகும். கதைகளின் உரிமை கம்பெனியிடம் இருந்தால், அவையும் யாரோ ஒருவரின் பெட்டிக்குள் போய் முடங்கும். அமெரிக்க காமிக்ஸில் அப்படி முடங்கிக் கிடந்த நல்ல படைப்புகள் ஏராளம். டண்ட்ரா போனபோது படைப்பாளிகள் தங்கள் புத்தகங்களைக் கையோடு எடுத்துக்கொண்டு நடந்தார்கள். ஆல்ரெட் தன் மேட்மேனை டார்க் ஹார்ஸ் பதிப்பகத்துக்குக் கொண்டுபோனார். மெக்கீன் 'கேஜஸ்' தொடரின் கடைசி இதழ்களைக் கிச்சன் சிங்கில் 1996இல் முடித்தார். 1999இல் கிச்சன் சிங்கும் மூடப்பட்டபோது இதே நடை மறுபடி நடந்தது. அப்போதும் ஒரு புத்தகம்கூட அந்தக் கதவுக்குள் சிக்கிக்கொள்ளக் காரணம் இருக்கவில்லை.

'ஃப்ரம் ஹெல்' போன பாதையைப் பாருங்கள். பிஸ்ஸெட்டின் தொகுப்பில் தொடங்கியது. டண்ட்ரா அதைத் தனி இதழ்களாக வெளியிட ஆரம்பித்தது. கிச்சன் சிங்க் தொடர்ந்து, 1998இல் கடைசி இதழைக் கொண்டுவந்தது. அதுவும் சாயவே, ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த எடி கேம்ப்பெல் 1999இல் முழுத் தொகுப்பையும் தன் சொந்தப் பெயரிலேயே பதிப்பித்தார். பிறகு டாப் ஷெல்ஃப் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. முதல் பக்கம் அச்சேறி ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து, 2018இல், கேம்ப்பெல் அந்தக் கறுப்பு வெள்ளைப் பக்கங்களுக்கு வண்ணம் தீட்டிப் புதிய பதிப்பைக் கொண்டுவரத் தொடங்கினார். சில கட்டங்களைத் திருத்தியும் வரைந்தார். அதற்காக அவர் எந்தக் கம்பெனியின் வாசலிலும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை.